தப்புக்கு ஒரு முட்டை

ஜனவரி 12

அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் பாதி நலம். அம்மா தன் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை, உன்னைப் பற்றியே பேசுகிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீயே எழுது.

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அருங்காட்சியகத்தின் பின்கட்டில் பூச்சிப் பிரிவு. வெயில் பட்டால் சிறகுகளின் நிறம் போய்விடும் என்பதால் ஜன்னல் வடக்குப் பார்த்தது. நாற்காலி உன்னுடையது. உனக்கு வந்த நியமனக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. ‘திருமணம் காரணமாக ஏற்கவில்லை’ என்று ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். அடுத்த தாளில் என் பெயர்.

என்னுடன் வேலை செய்யும் அம்மாள் முப்பது வருடமாகப் பூச்சிகளை ஊசியில் பொருத்துகிறார். எல்லாருக்கும் அவர் குண்டூசியம்மா. முதல் நாளே, “தம்பி, இங்க அவசரப்பட வேண்டியது யாருக்காகவும் இல்ல. எல்லாரும் செத்தவங்கதான்” என்றார்.

விடுதி நாட்களின் ஒப்பந்தத்தைத் தொடரலாமா? ஒரு கடிதத்துக்கு ஒரு பூச்சி. தப்புக்கு ஒரு முட்டை, தாளின் ஓரத்தில் வரையப்படும். நான் உன்னிடம் வாங்கிய முட்டைகளை வைத்து ஒரு பண்ணையே நடத்தலாம். நீ என்னிடம் ஒன்றுகூட வாங்கியதில்லை.

இன்றைய பூச்சி மரகதக் குளவி. கரப்பானின் மூளையில் அளந்து ஒரு கொட்டு. அதன் பிறகும் கரப்பானுக்குக் கால்கள் இருக்கின்றன. நடக்கவும் முடியும். தானாக நடக்கத்தான் தோன்றுவதில்லை. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து, நாயைக் கயிற்றில் கூட்டிப்போவதுபோல, தன் பொந்துக்குக் கூட்டிப்போகிறது. கரப்பானும் போகிறது.

அம்மா போன் செய்யும்போதெல்லாம் நீ குளித்துக்கொண்டிருப்பதாக அத்தான் சொல்கிறாராம். இப்படியே போனால் நீ நீர்ப்பூச்சி ஆகிவிடுவாய்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 2

புழுவுக்கு,

(நியமனம் ஆனாலும் நீ புழுதான்.) நான் சுகம். உன் அத்தானும் சுகம். அப்பாவை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல்.

எங்கள் வீடு தானியக் கிடங்கின் மேல்மாடி என்று உனக்குத் தெரியும். கீழே நாலாயிரம் மூட்டைகள். நாற்பத்தொரு படிகள். ஜன்னலுக்குக் கொசுவலை, அதற்கு வெளியே கம்பி, அதற்கு வெளியே கேட். ஜன்னல் சட்டத்தின் வெடிப்பில் சின்னப் பூச்சிகள் வாழ்கின்றன. பேச்சுத்துணைக்கு ஆயிற்று.

எனக்கு மூச்சிரைப்பு இருப்பதாக உன் அத்தான் கண்டுபிடித்திருக்கிறார். கிடங்கின் தூசிதான் காரணமாம். அதனால் கீழே இறங்குவதில்லை. போன மாதம் பதினேழாம் தேதி மூட்டைகளுக்குப் புகைமருந்து போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது நடக்கும். அன்றைக்கு மட்டும் காலையிலிருந்து மாலைவரை எல்லாரும் கேட்டுக்கு வெளியே, மரத்தடியில். நானும். மரம் என்ன மரம் என்று கவனிக்காமல் வந்துவிட்டேன்.

என் பூச்சி: பைகட்டி அந்துப்பூச்சி. குச்சிகளை ஒட்டித் தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொள்ளும். அதில் பெண்ணுக்குப் பெரிய சிறகுகள். வேண்டும்போது பையைவிட்டுப் பறந்துபோய், வேண்டும்போது திரும்பி வரும்.

உன் கரப்பானுக்கு வலிக்குமா?

கீழே மூன்று வரி இடம் விடுகிறேன். உன் அத்தானும் எழுத வேண்டுமாம். கடிதங்களை அவரே தபாலில் போடுகிறார்.

அக்கா

*மச்சானுக்கு, அக்காவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே காற்றுகூட என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அவள்மேல் படுகிறது. அத்தான்.*


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அத்தானின் வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பாரு, எப்படித் தாங்குறாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வரலாற்றுச் சம்பவம். உனக்கு முதல் முட்டை. ஓரத்தில் பார், நிழலெல்லாம் போட்டு வரைந்திருக்கிறேன். பைகட்டியில் சிறகு ஆணுக்குத்தான். பெண்ணுக்குச் சிறகு கிடையாது, பல வகைகளில் காலும் கண்ணும்கூடச் சரியாகக் கிடையாது. அது பையைவிட்டு வருவதில்லை. ஆண்தான் தேடி வரும். பைக்குள்ளேயே முட்டையிட்டு, பைக்குள்ளேயே சாகும். இதை உனக்கு நான் சொல்லவேண்டியிருக்கிறதே! திருமணம் அறிவை மழுக்கும் என்பது உண்மைதான் போல.

கரப்பானுக்கு வலிக்குமா என்று தெரியவில்லை. தேடிப்பார்த்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை.

உனக்கு எப்போதிருந்து மூச்சிரைப்பு? விடுதி நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கியது வேறு யாரோவா?

தம்பி


மார்ச் 10

புழுவுக்கு,

சுகம். முட்டை கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த முறை சிள்வண்டு. தூரதேசத்தில் ஒரு வகை உண்டே, மண்ணுக்கடியில் வேர்ச்சாறு குடித்துக்கொண்டு இருட்டில் காத்திருக்கும். எத்தனை லட்சம் இருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். பதினேழாம் நாள். ஏப்ரலில் என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் எதிரே யாராவது நின்றால், அவர்களைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். யாரும் நிற்காவிட்டால் மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

இதைக் கவனமாகப் படி. எனக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை.

அம்மாவிடம் நான் குளித்துவிட்டேன் என்று சொல்.

அக்கா

*மச்சானுக்கு, பூச்சி, புழு என்று இரண்டு பேரும் நல்ல பொழுதுபோக்கு வைத்திருக்கிறீர்கள். எனக்கும் பொது அறிவு வளர்கிறது. அத்தான்.*


மார்ச் 22

அக்காவுக்கு,

நலம். இரண்டாவது முட்டை. இதற்கு நிழல்கூடப் போடவில்லை, அவ்வளவு அலுப்பு.

பதினேழு நாள் இல்லை அக்கா, பதினேழு வருடம். ஏப்ரல் என்று தேதி குறித்துக்கொண்டும் அவை வருவதில்லை. மண் போதிய அளவு சூடாக வேண்டும். ஏறுவது மரத்தில், மனிதர் மேல் அல்ல. திரும்ப மண்ணுக்குள் போகவும் முடியாது. ஒரே பத்தியில் நான்கு பிழை. ஏப்ரல் பதினேழு உனக்கு எங்கிருந்து கிடைத்தது?

இங்கே ஒரே பரபரப்பு. சந்தைப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் கப்ரா வண்டு. அருங்காட்சியகத்துக்கு அடையாளம் பார்க்க அனுப்பினார்கள், உறுதி செய்தோம். தானியத்துக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. பட்டினி போட்டாலும் அதன் புழு சாகாது. தோலை உரித்து உரித்து உடம்பைச் சிறிதாக்கிக்கொண்டு சுவர் வெடிப்பில் வருடக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் சட்டம் அவ்வளவு கடுமை. பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம் வந்தால் கிடங்கு முதலாளியின் பேச்சு எடுபடாது. எந்தப் பூட்டும் திறக்கப்படும். உள்ளே வசிக்கும் ஒவ்வொருவரையும் பெயர் எழுதி வெளியே கொண்டுவந்து, தனித்தனி அறையில் துணிமணியை உதறிப் பார்ப்பார்கள். பெண்களைப் பெண் அதிகாரி. கிடங்குக்காரர் மனைவி ஒரு மணிநேரம் கத்தினாராம். “முப்பது வருஷத்துல என் பெட்டியை என் வீட்டுக்காரர்கூடத் தொட்டதில்ல!”

உன் மூச்சுக்கு மருந்து சாப்பிடுகிறாயா?

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவர் நலமும் அறிய ஆவல். உங்கள் அக்காவுக்குக் கொஞ்சம் களைப்பு, அதனால் நான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏப்ரல் பதினேழு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கும் உறைத்தது, அன்று புகைமருந்து நாள் ஆயிற்றே என்று. மரத்தடிக் கூட்டம், தூசி, ஊர்பேர் தெரியாத கூலிக்காரர்கள். அவள் உடம்பு தாங்குமா? இந்தத் தடவை நானே அவளைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாலைவரை பக்கத்திலேயே இருந்தேன்.

படிப்பாளி மச்சான் இருப்பது எவ்வளவு நல்லது. பூச்சிப் படிப்பு அவளைக் களைப்பாக்குகிறது. கொஞ்ச நாள் கடிதம் வேண்டாமே.

அத்தான்


மே 6

அக்காவுக்கு,

இங்கே நலம். நீ?

ஒரு பூச்சி மட்டும். வறண்ட நாட்டுப் பாறைக்குழியில் வாழும் ஒரு கொசுவகையின் புழு. தண்ணீர் வற்றினால் சருகாகக் காய்ந்துபோகும். செத்தது என்றே தோன்றும். பல வருடம் கழித்து ஒரு சொட்டு நீர் விழுந்தால், ஒரு மணிநேரத்தில் நெளியும்.

பதில் எழுது. தப்பாகவே எழுது.

தம்பி


ஜூன் 3
(அனுப்பவில்லை)

அக்கா,

இது உனக்கு வராது. இதை நீ மட்டும் படிக்க வழியில்லை.

போன வாரம் உன் இரண்டு கடிதங்களும் மேசைமேல் கிடந்தன. குண்டூசியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“இந்தப் பொண்ணுதானே முதல்ல இந்த வேலைக்குத் தேர்வானது?”

“ஆமாம்மா.”

“பைகட்டிக்குச் சிறகு கிடையாதுன்னு அவளுக்குத் தெரியாதா?”

“தெரியும். அவ ஆய்வே அதுலதான்.”

“அப்போ நீ யாரைத் திருத்திட்டிருக்க?”

அவர் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். நான் இரண்டு கடிதங்களையும் மறுபடி படித்தேன். சிறகு இல்லாத பெண்ணுக்குச் சிறகு வரைந்தாய். பதினேழாம் தேதி கேட்டுக்கு வெளியே வந்து நில் என்று சொன்னாய். கவனமாகப் படி என்றுகூட எழுதினாய். நான் முட்டை போட்டேன். போட்டது மட்டுமா, தேதியைத் தனியாக எடுத்து அத்தானிடம் கொடுத்தேன்.

நேற்று வந்தேன். இரண்டு பேருந்து, ஒரு ரயில். கேட்டில் காவலாளி, “அம்மா கீழ வர்றதில்லீங்க” என்றார். அத்தான் வந்து தோளில் கைபோட்டார். எதிர்க்கடையில் காபி வாங்கித் தந்தார். சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். “இப்பதான் தூங்குனா மச்சான். எழுப்ப மனசு வரல.” அவர் பேசும்போது மாடி ஜன்னலில் நீ நின்றாய். வலைக்குப் பின்னால், அசையாமல். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

பிறகு காவல் நிலையம் போனேன்.

“அடிச்சாரா?”

“தெரியாது.”

“உங்கக்கா புகார் எழுதிக் குடுத்தாங்களா?”

“எப்படிக் குடுப்பாங்க? வெளியவே விடலையே.”

“நல்லாப் பாத்துக்கறவரை நீங்களே கெடுத்துடாதீங்க தம்பி. வீட்டுக்குப் போங்க.”

அம்மாவிடம் சொன்னேன். “உனக்குப் பூச்சியோட இருந்து இருந்து புத்தி கெட்டுப்போச்சு” என்றாள்.

அத்திக்காய்க் குளவியைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். நுழைவாசல் அவ்வளவு குறுகலாம், உள்ளே போகும்போதே சிறகு பிய்ந்துவிடுமாம்.

இந்தத் தாளை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியவில்லை.


ஜூலை 5

புழுவுக்கு,

சுகமாக இருக்கிறேன். களைப்பு போய்விட்டது. நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். அப்பா, அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

பூச்சி எழுத அத்தான் அனுமதி தந்திருக்கிறார். இந்த உறைக்குள் ஒரு மடித்த தாள் இருக்கும். ஏழு புழுத்தோல், ஒரு செத்த வண்டு. என் பழைய கம்பளிப் போர்வையை உதறியபோது விழுந்தவை. சாதாரணக் கம்பள வண்டு. யாருக்கும் தீங்கில்லை. இரண்டு நாள் பட்டினி போட்டால் செத்துப்போகும். உன் மேசையில் அழகுக்கு இருக்கட்டும்.

இதில் தப்பு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நீயே பார்த்துக்கொள்.

அக்கா

*மச்சானுக்கு, போர்வையை எரித்துவிட்டேன். அவள் கேட்டாளே என்று இந்தக் குப்பையைத் தபாலில் சேர்க்கச் சம்மதித்தேன். பெண்களின் ஆசைக்கு எல்லை ஏது! அத்தான்.*


ஜூலை 14

பெறுநர்: மண்டல அதிகாரி, பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம்
பொருள்: கப்ரா வண்டு, உடனடி அறிவிப்பு

ஐயா,

இத்துடன் இணைத்துள்ள மாதிரிகள் இணைப்பில் குறித்த முகவரியிலுள்ள தானியக் கிடங்கிலிருந்து எங்களுக்குக் கிடைத்தவை. புழுத்தோலின் தலைப்பகுதியைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தோம். மேல்வாய்ப் பகுதியில் உணர்புடைப்புகள் நான்கு, ஒரே கொத்தில். கம்பள வண்டுக்கு இப்படி இராது. ஐயமில்லை, கப்ரா வண்டுதான்.

முன்னறிவிப்புக் கொடுத்தால் தடயம் அகற்றப்படும் என்று அஞ்சுகிறோம். நேரில், அறிவிக்காமல் வரவேண்டுகிறோம். மேல்மாடி ஜன்னல் சட்டத்தின் வெடிப்பை முதலில் பார்க்கவும்.

அந்த மாடியில் ஒரு பெண் வசிக்கிறார். விதிப்படி அவரைத் தனி அறையில் பெண் அதிகாரி சோதிக்க வேண்டும். வேறு எவரும் உடன் இருக்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்த வேண்டாம். அவர் உடல்நலம் பற்றி யார் என்ன சொன்னாலும், அவரிடமே ஒருமுறை கேட்கவும்.

அடையாளம் கண்டவர்: உதவியாளர், பூச்சிப் பிரிவு
சரிபார்த்தவர்: ஊசிப் பொருத்துநர், பூச்சிப் பிரிவு


ஜூலை 14

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீ நலமாக இருப்பது படித்து மகிழ்ச்சி.

மாதிரிகள் வந்தன. குண்டூசியம்மாவும் நானும் பார்த்தோம். நீ சொன்னதுதான் சரி. சாதாரணக் கம்பள வண்டு. தீங்கில்லாதது. பட்டினி போட்டால் செத்துவிடும். கவலைப்பட ஒன்றுமே இல்லை.

இந்த முறை உனக்கு முட்டை இல்லை. ஓரத்தைப் பார், வெறுமையாக இருக்கிறது.

அத்தானின் பொறுமைக்கு நன்றி சொன்னதாகச் சொல். போர்வையை எரித்தது நல்லது.

தம்பி


ஆகஸ்ட் 2

புழுவுக்கு,

நலமா என்று இப்போதுதான் நிஜமாகக் கேட்கிறேன். நான் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறேன். முகவரி உறையின் பின்பக்கம். அம்மாவுக்கு இன்னும் சொல்லாதே. நானே சொல்கிறேன், எப்படி என்று தெரிந்த பிறகு.

உன் கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். “பாத்தியா, உன் தம்பியே சொல்லிட்டான், ஒண்ணுமில்லன்னு.” நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ தப்பை விட்டுவைப்பாய் என்று எனக்கு உறுதி இருக்கவில்லை. உன்னைத் தெரிந்தவள் ஆயிற்றே. ஏப்ரலில் அந்தக் காருக்குள் ஒன்பது மணிநேரம் உட்கார்ந்திருந்தபோது உன்னைத் திட்டாத திட்டு இல்லை. தேதியை நீ போட்டுடைத்த அதே கடிதத்தில்தான் கப்ராவைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதனால் பாதித் திட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மாடிக்குத் திரும்பிய அன்றைக்கே வெடிப்பில் ஊசி விட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்தவை அவைதான்.

மறுநாளே, புகைமருந்து நாளுக்கு முந்தின காலை, இரண்டு ஜீப். ஐந்து பேர், அதில் ஒரு பெண். உன் அத்தான் வழக்கம்போல் காபி வாங்கிவரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை. மாடிப்பூட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

“மேலே என் வீட்டுக்காரி இருக்கா மேடம். மூச்சிரைப்பு. அவ கார்ல உட்காரட்டும்.”

“கார்லயும் வண்டு ஏறும் சார். அந்தச் சாவியையும் குடுங்க.”

நாற்பத்தொரு படி. ஒரு வருடத்தில் நாலாவது தடவையாக இறங்கினேன். இருபதாவது படியில் கால் நின்றுவிட்டது. யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை. நிற்கச் சொல்லவும் இல்லை. ஆனாலும் நின்றது. உன் கரப்பானுக்கு வலிக்குமா என்று கேட்டேனே. வலி என்று சொல்ல முடியாது. அடுத்த கால் என்னுடையதுதானா என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அந்த அதிகாரி கீழேயிருந்து, “வாங்கம்மா, மெதுவா” என்றாள். அதன் பிறகு கால் நகர்ந்தது.

மூட்டை எடைபோடும் அறையில் அவளும் நானும் மட்டும். என் துணிகளை ஒவ்வொன்றாக உதறினாள். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, “மூச்சிரைப்பு உண்டாம்மா உங்களுக்கு?” என்றாள்.

“இல்லீங்க.”

“எப்பலேர்ந்து இல்ல?”

“எப்பவுமே இல்லீங்க.”

பேனாவை மூடி வைத்தாள். கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு என் எதிரே எடைமேடைமேல் உட்கார்ந்துகொண்டாள். “சொல்லுங்க” என்றாள். முள் அவள் எடைக்கு நகர்ந்து நின்றது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பைகட்டியிலிருந்து தொடங்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள். வெளியே அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று மாலையே அந்த அதிகாரி தன் ஜீப்பில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டாள். கிடங்கு முத்திரையிடப்பட்டிருக்கிறது. அவர் தினமும் அவர்கள் அலுவலக வாசலில் நிற்கிறாராம், தானியத்துக்காகவும் எனக்காகவும். இந்த விடுதியின் வாசலை நான் இன்னும் தாண்டவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. காலையில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். நாளைக்கு எதிர்க்கடைவரை போகலாம் என்று இருக்கிறேன். அங்கே ஒரு மரம் நிற்கிறது, இங்கிருந்து இலை தெரியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நான் அனுப்பியது கம்பள வண்டு என்று எழுதியிருக்கிறாய். பட்டினி போட்டால் செத்துவிடும் என்றும். பூச்சிப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு! அது கப்ரா. பட்டினியில் சாகாது. சிறுத்துக்கொள்ளும். தீனி கிடைத்தால் மறுபடி வளரும்.

எழுதி முடித்துப் பார்க்கிறேன். பழக்கதோஷம், கீழே மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை. உன் முட்டையை அங்கே வரைகிறேன். பெரிதாக. நிழலோடு.

அக்கா